பெத்லகேமில் முளைத்த கொத்தமல்லி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் காய்கறிக் கடையில் நின்று ஒரு கட்டு கொத்தமல்லித் தழையை மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், பெத்லகேம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். பெத்லகேம் என்றால் உங்களுக்கு மாட்டுத் தொழுவம், வைக்கோல், மூன்று ராசாக்கள் என்று முறையாக ஏதாவது ஞாபகம் வரும். எனக்குக் கொத்தமல்லி வாசம்தான் வரும். நாற்பத்தேழு வருஷமாக அப்படித்தான். ரசத்தில் தழை கிள்ளிப் போடும்போதெல்லாம் தூரத்தில் எங்கோ இடையர்கள் கிடை போட்டிருப்பதுபோல இருக்கும். "என்னண்ணே, மோந்து பாத்துக்கிட்டே நிக்கிறீக, வாங்குறீகளா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் மதுரைக்குத் திரும்பினேன். ஒரு கட்டு வாங்கி வரச் சொல்லித்தான் ஸ்டெல்லா அனுப்பியிருந்தாள். மூன்று கட்டு வாங்கினேன்.

ஸ்டெல்லா என் மனைவி. ஒன்று என்று சொன்னால் ஒன்றுதான் அவளுக்கு. திட்டு நிச்சயம் என்று தெரிந்தேதான் மூன்றை வாங்கினேன். அந்த மூன்றுக்கு ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் எப்படிக் கூடியது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பையனுக்கு இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள், அச்சுமுறுக்குக்கு எவ்வளவு அரிசி ஊறப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா படியைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு பேருக்கு எதுக்குங்க இம்புட்டு? நீங்க ரூபியக் கூப்பிடுங்க" என்றாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். "காதுல விழுந்துச்சு, எனக்குத் தெரியும்" என்றாள்.

ரூபி என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். கீழக்குயில்குடிப் பக்கம் புருஷன், மகளோடு இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போனால் முக்கால் மணி நேரம் ஆகாது. அந்த முக்கால் மணி நேரத்தை ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூடக் கடக்காமல் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டோம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் பார்ப்போம், "நல்லா இருக்கியா" என்று கேட்போம், பந்தியில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். தப்பு யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான். அதையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் போன் செய்தேன். அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டியவன், மேலதிகாரிகளிடம்கூட அப்படி நாக்குக் குழறியதில்லை. "இருபத்தஞ்சாந் தேதி சாப்பிட வாங்க, மூணு பேரும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"வாரோம்ணே. ஆனா கிறிஸ்துமஸுக்குன்னு சொல்லாத. லீவுக்கு வாரோம்."

"சரி, லீவுக்கே வா."

"இன்னொண்ணு... ஸ்டாரு, குடிலு, அதெல்லாம் வச்ச வீட்டுல என்னால மனசு விட்டு உக்கார முடியாதுண்ணே. அவுக ஒண்ணும் சொல்லல. எனக்கே ஒப்பல. உனக்குக் கஷ்டம்னா விடு, இன்னொரு நாளு வாரேன்."

ரூபி கல்யாணமாகிப் போன இடத்தில், அவர்கள் சேர்ந்திருக்கும் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. வேதத்தில் டிசம்பர் இருபத்தைந்து என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். சாமி சுரூபம், தொழுவம் மாதிரி ஜோடிக்கிற குடில், நட்சத்திரம் எதுவும் கூடாது. நாங்களோ ஞானஸ்நானத்திலிருந்து கல்லறை வரைக்கும் மெழுகுவர்த்தியும் சுரூபமுமாக வாழ்கிற கத்தோலிக்கக் குடும்பம். இன்னொரு நாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "இல்ல இல்ல, நீ வா. எதுவும் இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லா நிற்கிறாள். "எதுவும் இருக்காதுன்னா என்ன அர்த்தம்? நம்ம வீட்டுல, நம்ம திருநாளைக்கு, ஒரு ஸ்டார் கட்டக் கூடாதா? பேசாம வீட்டைப் பூட்டிட்டு நாமளும் லீவுக்கு எங்கயாச்சும் போயிருவோமா?" இரண்டு நாள் அடுக்களையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாகப் பேசின. மூன்றாம் நாள் காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "அவ வரட்டும். ஆனா குழந்தை இயேசு சுரூபத்த நான் பரண்ல போட மாட்டேன். துணி சுத்தி என் சேலை அலமாரியில வச்சிருவேன்" என்றாள். அந்த நிமிஷம் அவள் காலில் விழுந்திருப்பேன். முழங்கால் வலி தடுத்துவிட்டது.

நட்சத்திரம் சின்ன விஷயமில்லை. தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் எங்களுக்குப் பேரே ஸ்டார் வீடுதான். ஜனவரி பாதிவரை அது தொங்குவதால், காஸ் சிலிண்டர் போடுகிறவர் மே மாசத்திலும் "ஸ்டார் வீடுதானே?" என்பார். வாசலில் அதற்கென்று ஓர் இரும்புக் கொக்கி, பக்கத்தில் ஒரு ஒயர். டிசம்பர் பத்தாம் தேதியாகியும் கொக்கி வெறுமனே இருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பாத்திமா தெருவைக் கடந்து வந்தது. ரம்ஜானுக்கு அது வீட்டிலிருந்து கஞ்சியும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் போய் வருகிற உறவு. வாசலுக்கு வெளியிலேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"என்னண்ணே, இன்னும் ஸ்டார் கட்டலையே... சொந்தத்துல ஏதும் துக்கமா?"

அது கேட்டதில் தப்பில்லை. வீட்டில் சாவு விழுந்த வருஷம் எங்கள் ஆட்கள் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அப்பா இறந்த வருஷம் அந்தக் கொக்கி அப்படித்தான் இருந்தது. "துக்கமெல்லாம் இல்லம்மா. தங்கச்சி வருது" என்றேன். பாத்திமா என்னைப் பார்த்தது, கொக்கியைப் பார்த்தது. ஒன்றும் விளங்காமல், "அல்ஹம்துலில்லா, வரட்டும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆள் வருகிறது என்றால் வீடு சும்மா இருக்குமா? சுவருக்கு வெள்ளை அடித்தோம். பரணை ஒழித்தோம். ஒழித்தோம் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்கு. ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன், ஏறியது ஸ்டெல்லா. அங்கிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கி வந்தது. குடில் பொம்மைகள் உள்ளே பேப்பர் சுற்றிப் படுத்திருந்தன. பார்க்கக் கூடாது, அப்படியே திரும்ப மேலே ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை. மூன்று ராசாக்கள், சூசையப்பர், ஒரு கால் போய்த் தீக்குச்சிக் கால் வைத்த ஆடு. தீக்குச்சி வைத்தது அப்பா.

அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். விரல் நுனியெல்லாம் எப்போதும் நீலமும் கறுப்புமாக இருக்கும். இதே தல்லாகுளத்தில், இப்போது அடுக்குமாடியாகிவிட்ட ஒரு சந்தில் வாடகை வீடு எங்களுக்கு. டிசம்பர் பிறந்ததும் அப்பா ஆபீசிலிருந்து குப்பைக்குப் போகும் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். பழுப்புக் கவர்களைக் கசக்கி மலை செய்வார். மலைக்குப் பின்னால் வானம் வேண்டுமே? தேய்ந்துபோன கார்பன் தாள்களை ஒட்டித் தைத்து ஒரு பெரிய திரை செய்வார். அதற்குப் பின்னால் ஒரு குண்டு பல்பைப் போட்டால் போதும். டைப் அடித்து அடித்து மை போன இடத்திலெல்லாம் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகக் கசியும். கறுப்பு வானத்தில் ஆயிரம் நட்சத்திரம். கிட்டே போய்ப் பார்த்தால் அவ்வளவும் எழுத்து. வாதி, பிரதிவாதி, மேற்படி வழக்கில் கண்ட சொத்து என்று என்னென்னவோ இருக்கும். நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். எத்தனையோ ஊர்க் குடிலைப் பார்த்துவிட்டேன், கலர் கலராகச் சுற்றுகிற விளக்கெல்லாம் பார்த்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு வானத்தை எங்கேயும் பார்க்கவில்லை.

மலையும் வானமும் அப்பா பாடு. புல் என் பாடு. குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று கேழ்வரகை ஊறப்போட்டு, கால் சாண் ஆழமுள்ள ஒரு தகரத் தட்டில் மண் பரப்பித் தூவி, இருட்டு மூலையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதினைந்து நாளில் விரல் நீளத்துக்கு நெருக்கமாக எழுந்து நிற்கும். அந்த ஈர வாசம் இருக்கிறதே, புது மழை பெய்த மாதிரி இருக்கும். "இது நம்ம முளைப்பாரிடா, நல்லா பாத்துக்கோ" என்று அம்மா சொல்வாள். எனக்குப் பதினோரு வயது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து எங்கள் வீட்டில். மாமா குடும்பம், அவர்கள் சம்பந்தி வீடு என்று ஒரு பட்டாளமே வருகிறது. அப்பாவின் குடிலைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று அம்மா பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். நானும் தெருவில் அதையே அடித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் எழுந்து பார்த்தால், புல் அத்தனையும் வெந்த கீரை மாதிரி மண்ணில் ஒட்டிப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ரூபி, கையில் செம்போடு நிற்கிறாள். ஐந்து வயது. தலையில் எண்ணெய், மேலே என் பழைய ஸ்வெட்டர், அது அவள் முழங்கால்வரை தொங்குகிறது. செம்பிலிருந்து ஆவி வருகிறது.

"என்னடி பண்ணே?"

"வெந்நி ஊத்துனேன். பாவம்ணே, அதுக்குக் குளுருதுல்ல."

மதுரைக் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் எங்களுக்கு உயிர் போகும். அம்மா அவளை வெந்நீரில்தான் குளிப்பாட்டுவாள். தனக்குக் கிடைத்த சுகம் கேழ்வரகுக்கும் கிடைக்கட்டும் என்று, அம்மா விளாவி வைத்திருந்ததை அல்ல, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை மொண்டுவந்து ஊற்றிவிட்டாள். நல்ல மனசுதான். புல்தான் போய்விட்டது.

அப்பா வந்து பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதனாலேயே பயம் அதிகம். "யாரு வேலை இது?" என்றார். ரூபி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். ஸ்வெட்டரின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது, அது நடுங்கியது. "நான்தாம்ப்பா. தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பெரிய தியாகமெல்லாம் இல்லை, அந்த ஸ்வெட்டர் ஓரத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா மர ஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் இரண்டு போட்டார். வலி அன்றைக்கே போய்விட்டது. கூடவே சொன்ன வார்த்தை போகவில்லை.

"ஒரு புல்லக் காப்பாத்தத் துப்பில்ல. நீ எங்கடா குடும்பத்தக் காப்பாத்தப் போற?"

அப்பாவுக்கு மனசு பொறுக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவரின் சைக்கிளில் மூன்று கட்டு கொத்தமல்லித் தழை தொங்கியது. "நான் பொதினா வாங்கச் சொன்னா, மல்லித்தழைய அள்ளிக்கிட்டு வந்திருக்கீக?" என்று அம்மா கேட்டாள். அப்பா வேரோடு இருந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈர மண்ணில் நட்டார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நானும் நட்டேன். ரூபி ஒவ்வொரு செடியாக எடுத்துக் கொடுத்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. கார்பன் வானத்தின் கீழே ஆடுகளெல்லாம் கொத்தமல்லிக் காட்டில் நின்றன. வீடு முழுக்க வாசம். பல்புச் சூட்டில் அந்த வாசம் ஏறிக்கொண்டே போனது. விருந்துக்கு வந்த மாமா, "என்ன மச்சான், பெத்லகேம்ல ரசம் வைக்கிறாகளா?" என்று கேட்டார், அப்பாவே சிரித்துவிட்டார்.

மதியம் பிரியாணிக்குத் தழை பத்தவில்லை. அம்மா நைசாக வந்து இடையர்கள் பக்கமிருந்து ஒரு பிடி பறித்துக்கொண்டு போனாள். மறுநாள் ரசத்துக்கு ராசாக்கள் பக்கமிருந்து. மூன்றாம் நாள் சட்னியோடு பெத்லகேம் மொட்டையாகிவிட்டது. புல்லைக் கொன்றது ரூபி என்று அப்பா சாகிறவரைக்கும் அவருக்குத் தெரியாது. நானும் ரூபியும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அந்த ரூபிதான் பிறகு சாமைக் கட்டிக்கொண்டு போனாள். சாம் எலக்ட்ரீசியன், தங்கமான மனுஷன், மூன்று தலைமுறையாக அந்தச் சபை. ஒரு வருஷத்தில் ரூபியும் அங்கே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அந்தச் சபையில் நகை கூடாது என்று கம்மலைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். நான் குதித்தேன். "பிள்ளை சந்தோசமா இருக்கா, உனக்கென்னடா?" என்று அப்பா என்னை அடக்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவள் வரமாட்டாள் என்றானதும், ஒவ்வொரு வருஷமும் மறுநாள் தூக்குவாளியில் பிரியாணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது வாளியில் அவள் ஏதாவது போட்டு அனுப்பியிருப்பாள்.

அப்பா இறந்த வருஷத்துக் கல்லறைத் திருநாள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம், செவ்வந்தி, சாம்பிராணிப் புகை. ரூபி வந்திருந்தாள். கல்லறையை அவள்தான் கழுவினாள், புல்லைப் பிடுங்கினாள். மெழுகுவர்த்தியை நீட்டினேன். "வேண்டாம்ணே, நான் அதெல்லாம் ஏத்துறதில்ல" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி! அத்தனை பேருக்கு முன்னால், "அப்பனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த முடியாதவளுக்கு எங்க வீட்டுல என்ன வேலை? இனிமே வராத" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அப்பாவின் அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. நான் எங்கே குடும்பத்தைக் காப்பாற்றினேன்? தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறக்கூட எனக்குத் துப்பில்லை.

அதனால்தான் காய்கறிக் கடையில் மூன்று கட்டு. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கொத்தமல்லி வாங்கி வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாம் தேதி காலைப் பூசைக்குப் போய் வந்து, பிரியாணிக்கு ஸ்டெல்லா வெங்காயம் வதக்க, நான் பத்து மணியிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். "தரை தேயுது, உக்காருங்க" என்றாள். பன்னிரண்டு மணிக்கு சாமின் பைக் வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் அவர்கள் மகள் கிருபா, அவளுக்குப் பின்னால் ரூபி. காலேஜில் சேர்ந்துவிட்ட பிள்ளை, அப்படியே அம்மாவின் ஜாடை. ரூபிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சபைக்காரர்கள் கட்டுகிற வெள்ளைச் சேலை. செருப்பைக் கழற்றும்போது தலையை நிமிர்த்திக் கொக்கியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "நல்லா இருக்கியாண்ணே?" என்றாள். "வா" என்றேன்.

சாமும் மேலே பார்த்தார், ஆனால் வேறு காரணத்துக்காக. "ஒயர இப்பிடியா தொறந்து விடுறது மச்சான்? கை பட்டா என்னாகுறது?" என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, நட்சத்திரத்துக்கான அந்த ஒயரின் முனையில் டேப் சுற்றிவிட்டார். "மாப்ள, வந்ததும் வராததுமா வேலையா?" என்றேன். அறுத்துவிட்டிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் அறுக்கவில்லை, பத்திரமாகச் சுருட்டிக் கட்டி வைத்தார்.

உள்ளே ஸ்டெல்லா என்னைப் பற்றிக் குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்திருந்தாள். "ஒரு கட்டு வாங்கச் சொன்னா மூணு கட்டு. யாரு திங்கிறது?" தழையை ஆய்ந்துகொண்டிருந்த ரூபியின் கை அப்படியே நின்றது. கிருபாதான் கத்தினாள்.

"மூணு கட்டா! மாமா, அப்ப அந்தக் கொத்தமல்லிக் கதை நெசந்தானா? அம்மா கட்டிவிட்டதுன்னுல்ல நெனச்சேன்!"

"எந்தக் கதை?" என்றேன்.

"வெந்நி ஊத்துன கதை. அம்மா சாட்சி சொல்ல எந்திரிச்சா அதைத்தான் சொல்லும். எங்க சபையில உங்களுக்குப் பேரே கொத்தமல்லி மாமாதான், தெரியுமா?"

எங்கள் கோயிலில் அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் சபையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, கடவுள் தனக்குச் செய்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. "என்னன்னு சொல்லும்?" என்றேன்.

"தப்புப் பண்ணது நானு, அடி வாங்குனது எங்கண்ணே. எனக்காக ஒருத்தர் அடி வாங்குனாருங்கிறத நான் வேதத்துல படிக்கிறதுக்கு முந்தியே, அஞ்சு வயசுல கதவுக்குப் பின்னாடி நின்னு கண்ணால பாத்தேன்னு சொல்லும். சொல்லிட்டு அழுதுரும். வருசா வருசம் அழுகும்."

"சும்மா இருடி" என்றாள் ரூபி, குனிந்த தலை நிமிராமல்.

நான் அடுக்களையை விட்டு வந்து, பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில் ஆம்பளை அழுவதற்கு வேறு இடமில்லை. கிறிஸ்துமஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவள் என்று பதினோரு வருஷம் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னேன். "வராதே" என்று நான் கத்திய பிறகும் அவள் எழுந்து நின்று என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் சாம் ஜெபம் செய்தார். பிரியாணி ஆறுகிற அளவுக்கு நீளமான ஜெபம். பிறந்தநாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டெல்லா மட்டும் ஆமென் சொன்ன கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள், யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தழை ஏராளமாக இருந்தது. "எல்லாத்துலயும் மல்லி வாசமாவே இருக்கு" என்று கிருபா மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவ வந்தபோதுதான் ரூபி அதைப் பார்த்தாள். அடுக்களைப் பின்சன்னல் மேடையில் ஒரு தட்டு. நான் மறைத்து வைத்திருக்க வேண்டும், மறந்துபோனேன்.

"ராகி போட்டியாண்ணே?"

"உனக்குப் போன் பண்றதுக்கு முந்தியே ஊறப் போட்டுட்டேன்" என்றேன், திருடிப் பிடிபட்டவன் மாதிரி. "குடிலுக்கு இல்ல. சும்மா முளைச்சிருச்சு. வேணும்னா எடுத்து..."

"வாடுதே, பாக்கலையா நீ?" என்றாள்.

"ரூபி, அன்னைக்குக் கல்லறையில நான்..."

"விடுண்ணே. செம்பு எங்க இருக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். குழாயைத் திறந்தாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், மதியத்தில் மார்கழியானாலும் சூடாகத்தான் வரும். செம்பு நிறைந்ததும் அவள் ஊற்றவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயை ஓடவிட்டு, மறுபடியும் பிடித்து, மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர்தான் என்று நிச்சயமான பிறகு, உள்ளங்கையில் சாய்த்துச் சாய்த்துத் தெளித்தாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியின் கை அது. நான் பார்த்தது ஸ்வெட்டர் போட்ட ஒரு பிள்ளையை.

சாயங்காலம் கிளம்பும்போது, "எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஆகும், இதை நான் கொண்டு போறேன்" என்று தட்டோடு தூக்கிக்கொண்டாள். ஸ்கூட்டரில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். "தட்டக் கொண்டாந்து தாரேண்ணே."

"எப்ப?"

"லீவுக்கு" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், எனக்குத் தெரியும்.

நட்சத்திரம் இல்லாத, ஆனால் துக்கமும் இல்லாத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. இனி அந்தக் கொக்கியில் நட்சத்திரம் ஏறுமா, பிஸ்கட் டின்னில் இருக்கும் ஆடுகள் கீழே இறங்குமா என்று தெரியவில்லை. அவள் வருகிறாள் என்றால் இறங்காது. சரி, இறங்க வேண்டாம். கார்பன் தாளும் போய்விட்டது, அந்த நீல விரல்களும் போய்விட்டன, வாதியும் பிரதிவாதியும் மின்னிய அந்த வானத்தை இனி யார் செய்யப் போகிறார்கள்? சன்னல் மேடையில் தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் இருந்தது. ஸ்டெல்லா துணியோடு துடைக்க வந்தாள். "இருக்கட்டும், தானாக் காயும்" என்றேன்.